பொறி தட்டிய இடம்

ஊட்டிக்குப் போய் வராதவர்கள் நம்மில் குறைவு. தொட்டபெட்டா சிகரத்தில் நின்று, "அடேயப்பா, என்ன உயரம்!" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக் கொண்டவர்கள் அநேகம் பேர் இருப்பீர்கள். அந்தத் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதன் தலைமேல் ஏற்காட்டு ஊரையும் தூக்கி வையுங்கள். அப்படியும் எட்டாத உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் அதன் பெயர் குன்ஸூம். சுமார் 4,550 மீட்டர். அடிக் கணக்கில் கிட்டத்தட்ட 15,000.

குன்ஸூமுக்கு அந்தப் பக்கம் ஸ்பிதி நாடு. திபெத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே கிடப்பதால் 'நடு நாடு' என்று அர்த்தமாம். அங்கே உள்ள தாபோ மடாலயம் 996-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. நம் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் அரசாண்ட காலம்! மண்ணால் எழுப்பிய மடாலயம் இன்னும் நிற்கிறது என்றால், அங்கே மழை எவ்வளவு குறைவு என்று நீங்களே யூகித்துக் கொள்ளலாம்.

இந்த நாட்டைப் பார்க்கத்தான் 2024 ஆகஸ்டில் மணாலியிலிருந்து கிளம்பினோம். 'கிளம்பினோம்' என்றால் நானும் என் சித்தி பெண்ணும். அவள் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் போதிக்கிறாள். விடுமுறை வந்தால் மோட்டார் சைக்கிளில் மலை ஏறுகிறாள். நான் பின் ஸீட்டில் உட்கார்ந்து கொள்கிறேன். என் உத்தியோகம் அவ்வளவுதான்.

அவளுடைய வண்டி சாதாரண வண்டி அல்ல. கல்லிலும் மண்ணிலும் ஓடுவதற்கென்றே செய்தது. எஞ்சின் தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். டயரில் பாகற்காய்த் தோலைப் போல முண்டு முண்டாக இருக்கும். ஸ்பிரிங்குகள் நீளமானவை, பள்ளத்தில் இறங்கினால் தொட்டில் போல ஆடும். கொஞ்சம் பழைய வண்டி. பொத்தானை அமுக்கினால் கிளம்பாது, காலால் உதைக்க வேண்டும். எஞ்சினுக்கு வேண்டிய மின்சாரத்தை அது பாட்டரியிலிருந்து கடன் வாங்குவதில்லை. சுழலும் காந்தத்தைக் கொண்டு தானே உண்டாக்கிக் கொள்கிறது. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

பாதை எப்படி?

மணாலியை விட்டதும் அடல் சுரங்கப் பாதை. 2020 அக்டோபரில் திறந்தார்கள். 9.02 கிலோமீட்டர் நீளம். உள்ளே நுழையும்போது பச்சைப் பசேல் என்று தேவதாரு மரங்கள். வெளியே வந்தால் மொட்டைப் பாறை! நாடக மேடையில் திரை மாற்றியது போல இருக்கிறது. அங்கிருந்து வலப் பக்கம் திரும்பி, கோக்ஸர், கிராம்பூ தாண்டிச் சந்திரா நதியோரமாகப் போக வேண்டும். இந்தச் சந்திராவும் பாகா என்ற இன்னொரு நதியும் தாண்டி என்னும் ஊரில் கூடிக் கொள்கின்றன. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சீனாப் நதி பிறப்பது அப்படித்தான்.

அடுத்த இடம் சத்ரு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே எதிரிகள் யாரும் இல்லை. டீயும் பருப்புச் சாதமும் தரும் கூடாரக் கடைகள்தான் இருக்கின்றன. உண்மையான சத்ரு அதற்கு அப்பால் வருகிறது. பாதைக்குக் குறுக்கே ஓடும் பனி ஓடைகள்! பாலம் கீலம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் பாதை மேலேயே புரண்டு ஓடுகிறது. அடியில் உருண்டைக் கற்கள்.

இந்த ஓடைகளுக்கு ஒரு சுபாவம் உண்டு. காலையில் சாது, பிற்பகலில் முரடு. இரவுக் குளிரில் உறைந்து கிடக்கும் பனி, வெயில் ஏற ஏறக் கரைந்து வந்து சேர்வதுதான் காரணம். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர், மத்தியான்னத்துக்கு மேல் முழங்காலைத் தாண்டி விடும். ஆகவே பகல் பன்னிரண்டுக்குள் ஓடைகளைக் கடந்து விட வேண்டும் என்பது இந்தப் பாதையின் எழுதாத சட்டம். மேகமும் மழையும் சேர்ந்து விட்டால் கேட்கவே வேண்டாம். 2023 ஜூலையில் பெய்த பேய் மழையில், இதே பாதையை ஒட்டிய சந்திரதால் ஏரிக் கரையில் 200-க்கும் மேற்பட்ட பிரயாணிகள் பல நாள் சிக்கிக் கொண்டு, பிறகு மீட்கப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வண்டி நின்றால்?

நின்றது, நேயர்களே!

முதல் நிறுத்தம்

ஒரு பெரிய ஓடையை வெற்றிகரமாகக் கடந்து, கரையேறி, இடப் பக்கம் பாதை வளைகிற இடத்தில் 'பொட்'டென்று எஞ்சின் அணைந்தது. இருமவில்லை, விக்கவில்லை. விளக்கை அணைத்தது போல நின்று விட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, என் நோட்டுப் புத்தகத்தில் '10-20, ஓடை, கரை ஏறி இடது வளைவு' என்று எழுதிக் கொண்டேன். பத்திரிகைக்காரியின் கை சும்மா இருக்காது.

"தண்ணீர் உள்ளே போயிருக்கும், அக்கா" என்று சொல்லி, தங்கை வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சமதரையில் நேராக நிறுத்தினாள். பிறகு எனக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். உங்களுக்கும் அது பிரயோஜனப்படும்.

எஞ்சின் ஓட மூன்று சாமான்கள் வேண்டும். பெட்ரோல் கலந்த காற்று; அதை நெருக்கிப் பிடிக்கும் அழுத்தம்; சரியான நேரத்தில் ஒரு பொறி. நம் காஸ் அடுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பு பற்றவில்லை என்றால் என்ன செய்கிறோம்? காஸ் வருகிறதா என்று பார்க்கிறோம். லைட்டரில் பொறி வருகிறதா என்று பார்க்கிறோம். காஸ் வாசனை அடித்து, அடுப்பு பற்றவில்லை என்றால் குற்றம் லைட்டருடையது. பொறி பறந்தும் பற்றவில்லை என்றால் சிலிண்டர் காலி. வண்டிக்கும் அதே நியாயம்தான்.

வண்டியின் லைட்டருக்கு 'ஸ்பார்க் பிளக்' என்று பெயர். அதைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்து விடும். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை என்று பெரும்பாலும் தீர்மானிக்கலாம். நிறமும் பேசும். மாரி பிஸ்கோத்து நிறம் என்றால் சௌக்கியம். கன்னங்கரேல் என்று புகைக்கரி படிந்திருந்தால், பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு.

எங்கள் பிளக் நனைந்தும் இருந்தது, கறுத்தும் இருந்தது. கறுப்புக்குக் காரணம் உயரம். குன்ஸூம் உச்சியில் காற்றின் அழுத்தம், சென்னைக் கடற்கரையில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை. பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஊரில் ஊற்றிய அளவுக்கே பெட்ரோல் ஊற்றிக் கொண்டிருக்கும். (புதிய வண்டிகளில் இதைக் கவனிக்கக் கருவிகள் இருக்கின்றன.) எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் கரியாகப் படிகிறது. கரியோ மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பொறி, தாண்ட வேண்டிய இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாக நழுவி விடலாம்.

தங்கை பிளக்கைத் துடைத்து, அதன் ரப்பர்த் தொப்பியைக் கைக்குட்டையால் உலர்த்தினாள். தொப்பிக்குள் பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினில் படும்படி வைத்து, உதைத்தாள். 'டிக்' என்று நீலப் பொறி பறந்தது! நீலமாக, சொடுக்குப் போட்டது போல வந்தால் நல்ல பொறி. மஞ்சளாக, சோகையாக வந்தால் கோளாறு. இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள், பிளக் கழற்றிய துவாரத்திலிருந்து தள்ளி வைத்தே செய்ய வேண்டும். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். வெறுங்கையாலும் பிடிக்கக் கூடாது. அந்தக் கம்பியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது.

பிளக்கை மாட்டியதும் வண்டி கிளம்பி விட்டது. "பார்த்தாயா? தண்ணீர்தான்!" என்றாள் தங்கை. ஓடைதான் குற்றவாளி என்று தீர்ப்பாகி விட்டது.

மேலே, இன்னும் மேலே

பாதல் என்னும் இடத்தில் பாலம் தாண்டி, டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். அங்கிருந்து கணவாய் ஒரு பன்னிரண்டு கிலோமீட்டர். சடை பின்னியது போல மேலே மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் சரளை மலை, மறுபக்கம் அதல பாதாளம். எதிரே பனி மூடிய சிகரங்கள், மாவை அள்ளிக் கொட்டியது போல!

12-10-க்கு ஒரு வளைவில் மறுபடியும் 'பொட்.' அப்போது ஓடையும் இல்லை, தண்ணீரும் இல்லை. தங்கை வண்டியை வளைவிலேயே ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்து உதைத்தாள். இருபது உதை. பலன் இல்லை. அந்த உயரத்தில் இருபது உதை என்பது இருபது மாடி ஏறுவதற்குச் சமானம். மூச்சு வாங்கியது. கையிருப்பில் இருந்த புதிய பிளக்கைப் போட்டாள். வண்டியைச் சமதரைக்குத் தள்ளினோம். உதைத்தாள், கிளம்பியது. குற்றவாளி ஓடையல்ல, பழைய பிளக்தான் என்று தீர்ப்புத் திருத்தப்பட்டது.

12-50-க்கு மூன்றாம் முறை நின்றது. இப்போது வைத்திருந்ததோ புத்தம் புதிய பிளக்!

காயில் சூடாகி விட்டதோ என்றாள். அப்படியும் ஒரு வியாதி உண்டு. காயிலுக்குள் மயிரிழைக் கம்பி எங்கேனும் விட்டிருந்தால், குளிர்ந்த நிலையில் ஒட்டிக் கொண்டிருக்கும். சூடேறியதும் விலகிப் பொறி நிற்கும். ஆறினால் மறுபடியும் ஓடும். பெட்ரோல் டாங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்தாலும் இதே வேஷம் போடும். அதற்குப் பரீட்சை சுலபம். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சப்தம் கேட்கும். திறந்து பார்த்தோம். சப்தம் இல்லை.

அப்போதுதான் நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளிறியிருந்தது. "தலை வலிக்கிறது, அக்கா. ஒன்றும் இல்லை" என்றாள். 'ஒன்றும் இல்லை' என்று சொல்லும் விதமே சரியாக இல்லை. மலை உயரத்தில் தலைவலி வந்தால் ஓய்வெடுக்க வேண்டும். அதிகமானால் கீழே இறங்க வேண்டும். வேறு கஷாயம் கிடையாது. ஆனால் எப்படி இறங்குவது? கைப்பேசி ஊமை. கீழே ஓடைகள் பெருகும் நேரம். மேலே கணவாய், அதற்கு அப்பால் முதல் கிராமமாகிய லோஸருக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். மலையின் தோளில் சாம்பல் நிற மேகம் ஒன்று வந்து உட்கார்ந்து கொண்டிருந்தது. அவளை உட்கார வைத்து, என் கம்பளியையும் சேர்த்துப் போர்த்தி, பிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் கொடுத்தேன். இனி உதைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டேன்.

லாரிக்கார வைத்தியர்

மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. ஸ்பிதிப் பச்சைப் பட்டாணி மூட்டைகள். அந்தப் பாதையில் நிற்கிற வண்டியைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவர்கள் இல்லை. அது அங்குள்ள தர்மம். டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"என்ன ஆயிற்று, பெஹன்ஜி?" என்று ஹிந்தியில் கேட்டார். தங்கை பிளக், தண்ணீர், காயில் என்று சொல்லத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும். எப்போது நிற்கிறது?" என்று கேட்டார்.

நல்ல வைத்தியர் கேட்கிற கேள்வி இது. காய்ச்சல் என்று போனால் உடனே மருந்து எழுதுகிறவர் ஒரு ரகம். "காலையிலா, மாலையிலா? சாப்பிடுவதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று விசாரிக்கிறவர் இன்னொரு ரகம்.

நான் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். '10-20, ஓடை, கரை ஏறி இடது வளைவு. 12-10, இடது வளைவு. 12-50, இடது வளைவு.' படித்துக் கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. இத்தனைக்கும் நடுவே வலது வளைவுகள் எத்தனையோ வந்தன. ஒன்றில்கூட வண்டி நிற்கவில்லையே!

"பாயீ ஸாப், எல்லாம் இடது பக்கம்!" என்றேன்.

அவர் சிரித்தார். வண்டியை நேராக நிமிர்த்தி, தாமே ஓர் உதை உதைத்தார். எஞ்சின் ஓடியது. ஓடும்போதே ஹாண்டில்பாரை மெள்ள வலப் பக்கம் திருப்பினார், ஓடியது. இடப் பக்கம் திருப்பினார். கடைசி வரை போனதும், 'பொட்!'

தங்கை எழுந்து வந்து விட்டாள். டார்ச்சை அடித்து, ஹாண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்துப் பக்கம் குனிந்து பார்த்தாள். கறுப்பு ஒயர்கள் ஒரு கத்தையாக வளைந்து போகிற இடம் அது. அதில் ஒரு ஒயர் சட்டத்தின் விளிம்பில் உரசி உரசி, மேல் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது.

அது எந்த ஒயர் தெரியுமா? எஞ்சினை நிறுத்துவதற்காக ஹாண்டிலில் வைத்திருக்கும் ஸ்விட்சின் ஒயர்! இந்த மாதிரி வண்டிகளில் அந்த ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது என்றால், பொறிக்குப் போக வேண்டிய மின்சாரத்தை வண்டியின் இரும்புச் சட்டத்தில் இறக்கி விடுகிறது. பொறி இல்லை, எஞ்சின் நின்று விடும். இங்கே ஸ்விட்சை யாரும் அமுக்கவில்லை. ஆனால் ஹாண்டில் முழுவதும் இடப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த வெறுங் கம்பி சட்டத்தில் பட்டு, அமுக்கிய வேலையைச் செய்து விட்டது. வண்டியை நேராக நிறுத்திப் பொறியைச் சோதித்தால் நீலமாக வரத்தானே வரும்? தண்ணீரும் பிளக்கும் பாவம், நிரபராதிகள்.

உறுதி செய்து கொள்ள இன்னொரு வழியும் உண்டு. அந்த ஸ்விட்சின் ஒயர் இணைப்பை எஞ்சின் பக்கமாகக் கழற்றி விட்டு உதைத்துப் பார்ப்பது. கழற்றியதும் கோளாறு மறைந்தால், வியாதி அந்த ஒயரில்தான். ஆனால் இணைப்பு இல்லாதபோது வண்டியை நிறுத்த அந்த ஸ்விட்ச் உதவாது என்பதை மறந்து விடக் கூடாது. தங்கை அதையும் செய்து பார்த்தாள். இடப் பக்கம் முழுவதும் திருப்பியும் வண்டி ஜோராக ஓடியது.

கறுப்பு இன்ஸுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஆனால் ஒயர் மறுபடியும் விளிம்பில் உரசாமல் எதனால் இழுத்துக் கட்டுவது? நான் என் கொண்டையிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கொண்டை ஊசி வளைவுக்குக் கொண்டை ரப்பரை விடப் பொருத்தமான மருந்து ஏது?

டிரைவர் இரண்டு கை நிறையப் பட்டாணிக் காயைக் கொடுத்துவிட்டு, "தலைவலி இருக்கும்போது உச்சியில் தங்காதீர்கள். லோஸருக்கு இறங்கி விடுங்கள்" என்று சொல்லிப் போனார். பணம் நீட்டியதற்குக் கோபித்துக் கொண்டார்.

குன்ஸூம் உச்சியில் ஒரு தேவி கோயில் இருக்கிறது. போகிற வண்டிகள் எல்லாம் அதைப் பிரதட்சிணம் செய்துவிட்டுத்தான் போகின்றன. கொடிகள் படபடக்க, நாங்களும் ஒரு சுற்றுச் சுற்றினோம். பிரதட்சிணம் என்றால் வலப் பக்கமாக அல்லவா? கோயிலைத் தாண்டியதும் தங்கை வண்டியை இடப் பக்கமாகவும் ஒரு வட்டம் அடித்தாள். நிற்கவில்லை! மேகம் சிகரத்தை மூடுவதற்குள் இறங்கத் தொடங்கினோம். மாலை நாலு மணிக்கு லோஸரில், மண் வீட்டு அடுப்படியில் சூடான சூப்பைக் குடித்ததும் அவள் உதட்டுக்கு நிறம் திரும்பியது. இரவு தலைவலி போய் விட்டது.

இந்த வைத்தியம் ஒன்றும் புதிதல்ல. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை எடுத்துக் கொண்டு, இரண்டு பிள்ளைகளுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பி விட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். அதற்கு முன் உலகத்தில் யாரும் மோட்டாரில் அவ்வளவு தூரம் போனதில்லை. வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக் கொண்டதாம். தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிறகு பொறிக்குப் போகும் ஒயரின் மேலுறை தேய்ந்து போயிற்றாம். காலுறையைப் பிடித்திருந்த பட்டியைக் கழற்றி அதன் மேல் சுற்றினார் என்று சொல்வார்கள்.

ஆகவே, அடுத்த முறை வீட்டில் ஸ்கூட்டரோ மிக்ஸியோ நின்று போனால், உடனே எதையும் கழற்றாதீர்கள். ஒரு காகிதத்தில், எப்போது நின்றது, என்ன செய்து கொண்டிருக்கும்போது நின்றது என்று எழுதி, மெக்கானிக்கிடம் கொடுங்கள். வெளியூர்ப் பிரயாணம் என்றால் பையில் ஒரு பிளக், ஒரு டேப், ஒரு டார்ச்.

கொண்டை ரப்பர் எப்படியும் இருக்கும்.